குடிசன மதிப்பும் மாறும் எல்லைகளும்

1881ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி இலங்கையின் மத்திய மாகாணத்தில் வாழ்ந்தோர் தொகை 639,361. பத்து ஆண்டுகள் கழித்து, 1891இல், அதே பெயருடைய மாகாணத்தில் எண்ணப்பட்டோர் 474,487. பத்தாண்டில் 164,874 பேர் குறைந்தனர். அஃதாவது, நூற்றுக்கு இருபத்தாறு பேர் மறைந்தனர் என்பது இவ்வெண்களை மேலோட்டமாக நோக்குவார்க்குத் தோன்றும் பொருள். இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும் வரலாற்று மாணவன் காரணந் தேடி நெடுந்தூரஞ் செல்லவேண்டியதில்லை. காரணம் ஆயத்தமாகவே காத்திருக்கின்றது. 1869இல் இந்நாட்டில் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் கோப்பித் தோட்டங்களைப் பாழாக்கிற்று. 1884இல் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. தோட்டத் துரைமார் கடனாளிகளாயினர். தென்னிந்தியாவிலிருந்து வந்திருந்த தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர். ஆகவே மலைநாட்டுக் குடிகளில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் கோப்பியோடு போயினர் என்று எழுதிவிடலாம், படிப்போரும் ஐயுறார்.

ஆனால் அவ்வாறு எழுதுவது பெரும் பிழையாகும். அம்மக்களுட் பெரும்பாலார் எங்கும் போகவில்லை. அவர்கள் தத்தம் ஊர்களிலேயே இருந்தார்கள்; எல்லைதான் அவர்களைக் கடந்து போயிற்று. 1886இல், தேசாதிபதி ஆதர் கோர்டன் காலத்தில், பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவா மாகாணம் புதிதாக அமைக்கப்பட்டது. 1881இல் மத்திய மாகாணத்து மக்களாக எண்ணப்பட்ட பதுளைப் பகுதியார் 1891இல் ஊவா மாகாணத்து மக்களாக எண்ணப்பட்டனர். பெயர் ஒன்றாகவே இருந்தது. அப்பெயர் குறித்த நிலம் வேறாயிற்று. குடிசன மதிப்பு ஏடுகளைப் பயன்படுத்தி வரலாறு எழுதுவோர் பலர் இடறி விழும் இடம் இதுவே.

இம்மாற்றங்களின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். கோல்புறூக் குழுவினரின் அறிக்கையைத் தொடர்ந்து 1833இல் இலங்கை முழுவதும் ஐந்து மாகாணங்களாகப் பகுக்கப்பட்டது. பழைய கண்டி இராச்சியத்தின் நிலங்கள் கரையோர மாகாணங்களோடு பங்கிட்டு இணைக்கப்பட்டன. அதனால் நுவரகலாவிய வட மாகாணத்தோடும், தமன்கடுவை கிழக்கு மாகாணத்தோடும் சேர்ந்தன. அனுராதபுரத்துக் காட்டூர்களின் வழக்குகளும் வரிகளும் யாழ்ப்பாணத்து ஏசண்டரின் கச்சேரியை நோக்கின. 1845இல் வடமேல் மாகாணமும், 1873இல் தேசாதிபதி கிறெகரி காலத்தில் வடமத்திய மாகாணமும், 1886இல் ஊவாவும், 1889இல் சப்பிரகமுவாவும் பிரிக்கப்பட்டன. ஐந்து ஒன்பதாயிற்று. முறைப்படியான முதற் குடிசன மதிப்பு 1871இல் நிகழ்ந்தபோது மாகாணங்கள் ஆறு, 1881இல் ஏழு, 1891இல் ஒன்பது. எனவே தொடர்ந்து நடந்த முதல் மூன்று மதிப்புகளில் எவ்விரண்டும் ஒரே படத்தின்மீது எடுக்கப்பட்டவையல்ல.

இனி முன்னர்க் கூறிய கணக்குக்கு மீள்வோம். ஊவாவில் 1891இல் எண்ணப்பட்டோர் 159,201. அவர்களை மத்திய மாகாணத்தாரோடு மீண்டுஞ் சேர்த்தால் 633,688 ஆகின்றது. 1881இன் தொகையோடு ஒப்பிடின் குறைவு 5,673 மட்டுமே. நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. மேல் மாகாணத்திலும் இதே நிலையைக் காணலாம். 1881இல் அங்கே 897,329 பேர், 1891இல் 762,533. இங்கும் 134,796 பேரை இழந்ததாகத் தோன்றுகின்றது. இங்கே கோப்பியைக் காரணங்காட்டுவது கூட எளிதன்று. ஆனால் இரத்தினபுரியும் கேகாலையும் 1889இல் மேல் மாகாணத்தினின்று நீங்கிச் சப்பிரகமுவாவாயின என்பதை அறிந்தார்க்கு மயக்கமில்லை. சப்பிரகமுவாவின் 258,626 பேரையுங் கூட்டினால் 1,021,159 பேர். பத்தாண்டில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினான்கு வீதம் பெருகியிருக்கின்றனர்.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. எல்லையைத் திருத்தியபின் மலைநாட்டுக் கதை பொய்யாகிவிடவில்லை. அது வேறு கதையாகின்றது. அப்பத்தாண்டில் இலங்கை முழுவதன் குடித்தொகை 2,759,738 இலிருந்து 3,007,789 ஆக, நூற்றுக்கு ஒன்பது வீதம் பெருகியது. மேல் மாகாணத்துப் பழைய நிலம் அதனினும் விரைந்து பெருகியது. மத்திய மாகாணத்துப் பழைய நிலம் மட்டும் பெருகாது நின்று, சிறிது தேய்ந்தும் போயிற்று. ஊவாவிற் சேர்ந்த நிலத்தில் ஒரு சிறுபங்கு மத்திய மாகாணத்துக்குப் புறம்பேயிருந்து வந்தது எனக் கொண்டால், இத்தேய்வு இன்னுஞ் சற்றுக் கூடுமேயன்றிக் குறையாது. கோப்பியின் வீழ்ச்சி எண்களில் தெரியத்தான் செய்கின்றது. ஆனால் அது நாலிலொரு பங்கினரை வாரிக்கொண்டு போன பேரழிவாகவன்று, வளர்ச்சி தடைப்பட்ட ஒரு தேக்கமாகவே தெரிகின்றது. தேயிலை அதன் இடத்தை நிரப்பத் தொடங்கியமையும் அப்பத்தாண்டுக்குள்ளேயே என்பதை நினைவிற் கொண்டால், இத்தேக்கத்தின் அளவு பொருத்தமாகவே தோன்றும். திருத்தாத எண்ணால் வருந் தீமை இதுவாம்: அது வெறும் பிழையாக நிற்பதில்லை. உண்மையான ஒரு நிகழ்ச்சியின் அருகே போய் நின்று, அதன் அளவை மாற்றிக் காட்டிவிடுகின்றது. விளக்கம் கைவசம் இல்லாத எண்ணை நாம் ஐயுறுகின்றோம். மேல் மாகாணத்து எண் அத்தகையது. விளக்கம் ஆயத்தமாயிருக்கும் எண்ணையோ ஆராயாது ஏற்றுக்கொள்கின்றோம்.

மேலே கையாண்ட முறை மிக எளியது. பிரிந்த துண்டுகளை மீண்டுங் கூட்டி, வெளியெல்லை மாறாத ஒரு பெருநிலத்தை அமைத்து, அதனை இரண்டு ஆண்டுகளிலும் ஒப்பிடுவதே அது. இதில் ஊகம் குறைவு, ஆதலின் நம்பத்தக்கது. ஆயினும் இதற்கும் ஒரு விலையுண்டு. கூட்டியபின் பெருநிலத்தின் வளர்ச்சியை அறியலாமேயன்றி, பதுளை தனியே பெருகியதா, கண்டி தனியே தேய்ந்ததா என்பதை அறிய இயலாது. 1871ஐயும் 1881ஐயும் ஒப்பிட விரும்புவோர் நுவரகலாவியவை வட மாகாணத்தோடும் தமன்கடுவையைக் கிழக்கு மாகாணத்தோடும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வடமத்திய மாகாணத்தார் 1881இல் 66,146 பேரேயாயினும், அவர்களை மறந்தால் வட மாகாணத்தின் பத்தாண்டுக் கணக்கு முழுவதும் பிறழும். 1889க்குப் பின் ஒன்பது மாகாணங்களும் பேரளவில் நிலைத்துவிட்டமையால், 1901இல் பொன்னம்பலம் அருணாசலம் நடத்திய மதிப்பு முதல், மாகாண அளவில் ஆராய்வோர்க்குப் பாதை ஓரளவு சீராகின்றது. இடர் அதன்பின் மாவட்டங்களுக்கு இறங்கிவிட்டது.

மாவட்டங்கள் பிரிந்த வரலாறு நம் காலத்தது. மட்டக்களப்பிலிருந்து 1961இல் அம்பாறை பிரிந்தது. ஆதலால் 1953இன் மட்டக்களப்பும் 1963இன் மட்டக்களப்பும் ஒன்றல்ல. வட மாகாணத்தில் 1978இல் முல்லைத்தீவு தனி மாவட்டமாயிற்று. 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதி கிளிநொச்சி மாவட்டமாயிற்று.

வவுனியாவின் கணக்கு இவற்றுள் மிக விந்தையானது. 1971இல் அம்மாவட்டத்தில் ஏறத்தாழ 95,000 பேர் வாழ்ந்தனர். 1981இல் 95,428 பேர். பத்தாண்டுகளில் வவுனியா அசையாது நின்றது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் முந்திய எண் முல்லைத்தீவை உள்ளடக்கியது. பிந்தியது அதனை நீக்கியது. 1981இல் முல்லைத்தீவில் மட்டும் 77,189 பேர் இருந்தனர். அப்பத்தாண்டில் வன்னியிற் குடியேற்றம் பெருகிற்று. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மலையகத் தமிழர் பலரும் அங்கு வந்து குடியமர்ந்தனர். நாட்டிலேயே விரைந்து மாறிய நிலங்களுள் ஒன்று, எண்ணில் மட்டும் அசையாது நிற்கின்றது! மத்திய மாகாணத்து எண் இல்லாத வீழ்ச்சியைக் காட்டிற்று. வவுனியா எண் இருந்த வளர்ச்சியை மறைத்தது. பின்னையதே கொடியது என்பேன். ஏனெனில் வீழ்ச்சியைக் கண்டவன் வியந்து காரணமாவது தேடுவான். மாறாத எண்ணைக் கண்டவன் ஏட்டைப் புரட்டிக்கொண்டு அப்பாற் சென்றுவிடுவான்.

இங்கே வவுனியாவையும் முல்லைத்தீவையும் கூட்டி 172,617 என்று கொண்டு 1971இன் எண்ணோடு ஒப்பிட்டாலும் கணக்கு முற்றும் நேராகாது. முல்லைத்தீவின் பெரும்பகுதி வவுனியாவிலிருந்து வந்ததாயினும், அயல் மாவட்ட நிலங்கள் சிலவும் அதனோடு சேர்க்கப்பட்டன. ஆகவே பாதுகாப்பான வெளியெல்லையைத் தேடி இன்னும் ஒரு படி மேலே, வட மாகாணம் முழுவதற்குஞ் செல்லவேண்டியிருக்கின்றது. துண்டுகள் ஒன்றோடொன்று கலக்கக் கலக்க, ஒப்பிடத்தக்க நிலம் பெரிதாகிக்கொண்டே போகின்றது. அது சொல்லும் செய்தியோ பொதுவாகிக்கொண்டே போகின்றது.

அப்படியானால் மேலே செல்லாது, பெருநிலத்தின் எண்ணைத் துண்டுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வழியில்லையா எனின், உண்டு. புவியியலாளர் நெடுங்காலமாகக் கையாளும் வழி பரப்பளவின்படி பங்கிடுதலாகும். ஒரு மாவட்டத்தின் நிலத்தில் நாலிலொன்று பிரிந்தால் குடிகளிலும் நாலிலொன்று பிரிந்ததாகக் கொள்வது அது. இதன் தகுதியைச் சோதிக்க யாழ்ப்பாணத்தைவிட நல்ல இடமில்லை. ஏனெனில் இங்கே விடை நமக்கு முன்னரே தெரியும். 1981இல் பிரிவுறாத யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை 830,552. பிற்காலத்து எல்லைகளின்படி அதனைப் பகுத்துப் பார்த்தபோது யாழ்ப்பாணத்துக்கு 738,788 பேரும் கிளிநொச்சிக்கு 91,764 பேரும் உரியரெனக் கண்டனர். இவ்விடையை மறைத்து வைத்துக்கொண்டு பரப்பளவின்படி பங்கிடுவோம். யாழ்ப்பாண மாவட்டம் 1,025 சதுர கிலோமீற்றர், கிளிநொச்சி 1,279. மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் கிளிநொச்சிக்குரியது. ஆதலின் குடிகளிலும் அப்பங்கு, அஃதாவது ஏறத்தாழ 461,000 பேர், கிளிநொச்சியார் என்று கணக்குக் கூறும். உண்மை அதில் ஐந்திலொன்றே.

குடாநாட்டையும் வன்னியையும் கண்ணாற் கண்ட எவரும் இவ்வாறு பங்கிடத் துணியார். ஆனையிறவுக்கு வடக்கே வேலியோடு வேலி நெருங்கிய வளவுகளும், கிணற்று நீரிற் பயிராகும் தோட்டங்களும். தெற்கே காடும், குளமும், குளத்தின்கீழ் வயலும். 1981இல் ஒரு சதுர கிலோமீற்றருக்கு வடக்கே 720 பேர், தெற்கே 72 பேர் அளவில் வாழ்ந்தனர். பரப்பளவு முறையின் அடிப்படை எடுகோள் மக்கள் நிலத்தின்மீது சீராகப் பரந்திருக்கின்றனர் என்பதே. ஆனால் நிருவாகத்தார் எல்லைகளை வரைவதோ, நிலமும் குடிகளும் தம்முள் வேறுபடும் இடங்களிலேதான். சீரான நிலத்தைப் பிரிக்க அவர்க்குக் காரணம் அரிது. எனவே இம்முறை எங்கே தேவைப்படுகின்றதோ அங்கேயே பெரிதும் பிழைக்கின்றது.

பரப்பளவை விடுத்து, வேறொரு மதிப்பிற் கண்ட குடிகளின் விகிதத்தைக் கொண்டு பங்கிடுதல் இதனினும் சிறந்தது என்பர். சிறந்ததே, ஆயினும் அதனையுஞ் சோதித்துப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டு மதிப்பின்படி யாழ்ப்பாணத்தில் 583,882 பேர். கிளிநொச்சியில் 113,510 பேர். இரண்டும் சேர்ந்தால் 697,392. அதில் கிளிநொச்சியின் பங்கு நூற்றுக்குப் பதினாறு. இவ்விகிதத்தை 1981இன் 830,552 மீது இட்டால் கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 135,000 பேர் கிடைப்பர். முன்னைய முறையின் பிழையோடு நோக்க இது சிறிதேயெனினும், உண்மையினும் அரைப்பங்கு கூடியது. காரணம் வெளிப்படை. 2012இன் விகிதம் 1981இன் விகிதமன்று. இடையே முப்பது ஆண்டுக்காலப் போர் இருக்கின்றது. குடாநாட்டிலிருந்து புலம்பெயர்ந்தோரும், இடம்பெயர்ந்து வன்னிக்குச் சென்றோரும், பின்னர் மீண்டோரும் மீளாதோரும் அவ்விகிதத்துள்ளே மறைந்திருக்கின்றனர். பிற்கால விகிதத்தை முற்காலத்துக்குக் கொண்டுசெல்பவன், நிகழாத ஒரு வரலாற்றை நிகழ்வதற்கு முன்பே நிகழ்ந்ததாக்கிவிடுகின்றான்.

ஆகவே பங்கீட்டு முறைகளை முற்றாக ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. வேறு வழியில்லாதவிடத்து அவற்றையே நாடவேண்டும். ஆனால் பங்கிட்ட எண்ணை எண்ணிய எண்ணோடு வேறுபாடின்றி ஒரே அட்டவணையில் எழுதுதல் தகாது. எண்ணிய எண் ஒரு சான்று; பங்கிட்ட எண் ஒரு கருத்து.

மிகச் சிறந்த வழி, அடியிலிருந்து கட்டுவதாகும். ஊர் ஊராக, பிரிவு பிரிவாக எண்ணிய பழைய ஏடுகள் கிடைப்பின், ஒவ்வோர் ஊரும் இன்றைய எந்த மாவட்டத்துட் படுகின்றதென்று கண்டு மீண்டும் கூட்டலாம். இந்தியாவில் 1956இல் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டு, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, முந்திய எண்கள் யாவும் பயனற்றவையாகிவிடக்கூடிய நிலை உண்டாயிற்று. ஆயினும் அந்நாட்டு மதிப்புத் துறையினர் 1901 முதலான குடித்தொகைகளைப் புதிய எல்லைகளுக்கேற்பத் திருத்தி, தொடரட்டவணையாக வெளியிடும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். அத்துடன், கணக்கெடுப்பு நெருங்கும்போது ஒரு நாளைக் குறித்து, அதன்பின் எல்லைகளை மாற்றலாகாது என்று விதித்தும் வருகின்றனர். போற்றத்தக்க ஒழுங்கு.

நம் நாட்டில் அடியிலிருந்து கட்டுதல் சற்றுக் கடினம். அடித்தளமே பெயர்ந்துகொண்டிருந்தமை இதற்குக் காரணம். உடையார், மணியகாரர், விதானையார் என்ற பழைய அதிகாரிகளின் எல்லைகளை ஒட்டியே முந்திய மதிப்புகள் எண்ணின. மணியகாரர் போய்க் காரியாதிகாரிகள் வந்தனர். 1963இல் விதானையாரின் இடத்தில் கிராம சேவகர் வந்தனர். கிராம அலுவலர் பிரிவுகள் இன்று 14,000க்கு மேற்பட்டவை. பழைய விதானைப் பிரிவு ஒன்று இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்திருத்தல் வழக்கம். எனினும் பிரிவுகள் உடைந்தாலும் ஊர்ப்பெயர்கள் எளிதில் மாய்வதில்லை. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளிற் கோயிற்பற்று வாரியாகக் காணப்படும் பெயர்கள் பல இன்றும் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் வழங்குகின்றன. ஏட்டிற் பயின்ற புள்ளிவிபரக்காரனுக்கு எட்டாத ஒரு கருவி உள்ளூரானிடம் உண்டு: எந்தக் குறிச்சி முன்பு எந்த விதானையாரின் கீழ் இருந்தது என்ற நினைவு. அதனை உடைய முதியோர் ஆண்டுதோறும் அருகிவருகின்றனர். இக்கல்லூரி மாணவர் தத்தம் ஊரின் பழைய பிரிவெல்லைகளை முதியோரிடங் கேட்டு ஒரு படத்திற் குறித்து வைப்பாராயின், எதிர்கால ஆராய்ச்சியாளர் அவர்க்கு நன்றிக்கடன் பட்டிருப்பர்.

எண் வேலைக்கு இத்துணைப் பாடு எதற்கு என வினவலாம். யாழ்ப்பாணத்தின் கணக்கையே விடையாகத் தருகின்றேன். 1981இன் 830,552ஐயும் 2012இன் 583,882ஐயும் நேரே கழித்து, யாழ்ப்பாணம் 246,670 பேரை இழந்தது என்று எழுதுவாரும் பேசுவாரும் உளர். அவ்வாறு கூறுமிடத்து, கிளிநொச்சியில் தம் வீட்டிலேயே இருந்த 91,764 பேரையும் இழந்தவர் பட்டியலிற் சேர்த்துவிடுகின்றோம். இப்பிழையைக் காட்டி ஒருவர் மறுப்பின், முழுக் கூற்றும் மிகையென்று தள்ளப்பட்டுவிடும். ஒரே நிலத்தை ஒரே நிலத்தோடு ஒப்பிட்டாலோ, இன்றைய யாழ்ப்பாண மாவட்டம் 738,788 இலிருந்து 583,882 ஆயிற்று. 154,906 பேர், நூற்றுக்கு இருபத்தொருவர், குறைந்தனர். நாடு முழுவதன் குடித்தொகை மூன்றிலொரு பங்குக்கு மேற் பெருகிய காலத்தில் நிகழ்ந்த குறைவு இது. இந்த எண்ணை எவரும் எல்லையைக் காட்டித் தள்ள முடியாது. பெரிய எண் வலிமையான சான்றென்பது மயக்கம்; மறுக்கவியலாத எண்ணே வலியது.

இடையில் உள்ள வெறுமையையும் மறத்தலாகாது. 1991இல் குடிசன மதிப்பே நிகழவில்லை. 2001இல் நிகழ்ந்தபோது இருபத்தைந்து மாவட்டங்களுட் பதினெட்டிலேயே முற்றாக எண்ண முடிந்தது. வட மாகாணத்து மாவட்டம் எதுவும் அவற்றுள் இல்லை. ஆகவே 1981க்கும் 2012க்கும் இடையே முப்பத்தோராண்டு வடக்குக்கு முழுமையான எண்ணே கிடையாது. அம்முப்பத்தோராண்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு எண்களும் வெவ்வேறு எல்லைகளில் எடுக்கப்பட்டவை. இரு கரையிலுமுள்ள தூண்கள் ஒரே நேரில் நில்லாவிடின் நடுவே பாலம் இடுவது எங்ஙனம்? 2024இல் எடுக்கப்பட்ட மதிப்பை இவற்றோடு இணைக்கப் போகும் மாணவரும் முதலில் இதனைச் சீர்செய்தல் வேண்டும்.

இதில் ஆறுதலான செய்தி ஒன்றுமுண்டு. கச்சேரிகள் பிரிந்தபோதும் தேர்தல் மாவட்டங்கள் பிரியவில்லை. பாராளுமன்றத் தேர்தலுக்கு யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் இன்றும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டமென ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டமாகின்றன. நிருவாகம் மறந்த பழைய எல்லையைத் தேர்தல் ஏடு காத்துவருகின்றது. அவ்வெல்லைகளிற் கூட்டிப் பார்த்தால், 1981இல் 830,552 ஆக இருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக் குடித்தொகை 2012இல் 697,392. 278,852 ஆக இருந்த வன்னி 363,923. ஒன்று தேய, மற்றது வளர்ந்தது. இவ்விரண்டு வரிகளும் ஊகம் எதுவுங் கலவாதவை. வடக்கின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகும் மாணவன் இவ்விடத்திலிருந்தே தொடங்கலாம்.